கொள்ளுத்தாத்தா வாங்கிய இரண்டு சேவைகள்: ஆயுள் இன்ஷூரன்ஸும் தபால் வைத்தியமும்

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கொள்ளுத்தாத்தாவின் காகிதங்கள் இரண்டு கட்டுகளாக இருக்கின்றன. ஒன்றில் 1924-ஆம் ஆண்டு அவர் எடுத்த ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசியும் அதற்குக் கட்டிய தவணை ரசீதுகளும் உள்ளன. மற்றொன்றில், தபால் மூலம் வைத்தியம் செய்துவந்த ஒரு மருந்துச் சாலையோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து உள்ளது. சென்னை மாகாணத்தில் தாலுகா கச்சேரிக் குமாஸ்தாவாக இருந்தவர் தம் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்து வாங்கிய இந்த இரண்டு சேவைகளும் அவரிடம் எந்த அளவுக்கு உண்மையாக நடந்துகொண்டன என்பதை, இரண்டு கட்டுகளையும் படித்து முடித்த பிறகு, எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் இன்ஷூரன்ஸ். ஆயிரம் ரூபாய்க்கு இருபது ஆண்டு எண்டோமெண்டு பாலிசி; அதாவது, இருபது ஆண்டு முடிவில் உயிரோடிருந்தால் அவருக்கும், இடையில் இறந்தால் குடும்பத்துக்கும் தொகை கிடைக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஏறத்தாழ 25 ரூபாய் தவணை. வயதுக்குச் சான்றாக ஜாதக நகலை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர் தேர்ந்தெடுத்தது இந்தியர் நடத்திய கம்பெனி. கல்கத்தாவில் 1818-இல் ஓரியண்டல் கம்பெனியும், சென்னையில் 1829-இல் மெட்ராஸ் ஈக்விடபிளும் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தத் தொழில் பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே நடந்தது. இந்தியரின் உயிரை ஆபத்து மிகுந்ததாகக் கணக்கிட்டு, அவர்களை ஏற்றுக்கொண்டாலும் கூடுதல் பிரீமியம் வாங்குவது வெள்ளைக்காரக் கம்பெனிகளின் வழக்கமாக இருந்தது. 1870-களின் தொடக்கத்தில் பம்பாய் மியூச்சுவல் கம்பெனி இந்தியரையும் சாதாரண விகிதத்திலேயே சேர்த்துக்கொண்டது. சுதேசி இயக்கத்தின் வேகத்தில் 1906-இல் சென்னையில் யுனைடெட் இந்தியாவும், அடுத்த ஆண்டு கல்கத்தாவில் ஹிந்துஸ்தான் கூட்டுறவுக் கம்பெனியும் எழுந்தன. அதே காலத்தில், சேர்ந்த தவணைப் பணத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதாகச் சொல்லிக் கல்யாணத்துக்கும் பிள்ளைப் பேற்றுக்கும்கூட இன்ஷூரன்ஸ் விற்ற பிராவிடெண்டு சங்கங்கள் காளான்போல் முளைத்து, ஏழைகளின் சேமிப்போடு மறைந்தன; அதன் பிறகே 1912-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஆயுள் கம்பெனிகளின் பிரீமியப் பட்டியலுக்கு ஆக்சுவரியின் (ஆயுள், ஆபத்துக் கணக்குப் போடும் நிபுணரின்) சான்று வேண்டும் என்ற விதி அப்போது ஏற்பட்டதுதான். ஆகவே 1924-இல் பாலிசி எடுத்தவர் குருட்டு நம்பிக்கையில் எடுக்கவில்லை.

இந்தப் பாலிசியில் நான் மனமாரப் பாராட்டுவது ஒரே ஒரு வரியை. தொகை ‘மனைவி மக்களின் நன்மைக்காக’ என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. 1874-ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்படி, அப்படி எழுதிய பாலிசி மனைவி மக்களுக்கான டிரஸ்டு ஆகிவிடும். கணவனின் கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியாது. இந்தப் பாதுகாப்பு இந்துக்களுக்கும் உண்டா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. உண்டு என்று 1913-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்ற மாகாணங்களுக்கு 1923-இல்தான் திருத்தச் சட்டத்தின் வழியாக அது கிடைத்தது. சென்னைக்கு மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்த பாலிசிகள் எல்லாவற்றுக்கும் செல்லும் என்று அந்தத் திருத்தமே குறிப்பிடுகிறது. வட்டிக் கடன் இல்லாத குடும்பம் அரிதாக இருந்த காலத்தில், ஒரு விதவையின் கைக்கு முழுத் தொகையும் போய்ச் சேர வழிசெய்த அந்த ஒரு வரி, பாலிசியின் மற்ற பக்கங்கள் அனைத்தையும்விடப் பெரியது.

ஆனால் அந்தத் தொகை எங்கள் கொள்ளுப்பாட்டிக்கு வந்து சேரவில்லை. 1931-இல் நெல் விலை விழுந்து, ஊரில் இருந்த சிறு நிலத்தின் குத்தகைப் பணமும் நின்றுபோனபோது, ஒரு தவணை தவறியது. சலுகை நாட்களும் கடந்தன. பாலிசி காலாவதியாகிவிட்டது என்று கம்பெனியிடமிருந்து அச்சடித்த அறிவிப்பு வந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் பாக்கித் தவணையோடு புதிய மருத்துவச் சான்றும் அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. அவர் பணத்தைப் புரட்டிக்கொண்டு கம்பெனியின் டாக்டரிடம் போனார். அந்த அறிக்கையின் நகல் கட்டில் இருக்கிறது. மார்பளவு, எடை, பெற்றோர் இறந்த வயது ஆகியவற்றுக்குக் கீழே சிறுநீர்ப் பரிசோதனைக்கான இடம் உண்டு. நீல நிறமான பெனடிக்ட் கரைசலில் சில துளி சிறுநீரைச் சேர்த்துக் காய்ச்சும்போது, சர்க்கரை மிகுந்திருந்தால் நீலம் செங்கல் நிறமாக மாறும். அப்படி மாறியதாக டாக்டர் எழுதியிருக்கிறார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஏழு ஆண்டுகளில் கட்டிய சுமார் 350 ரூபாயும் போயிற்று.

சர்க்கரை நோயைக் கண்டதற்காக நான் கம்பெனியைக் குறை சொல்லவில்லை. புதிதாகச் சேருபவரைச் சோதிப்பது நியாயமே. ஏழு ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டியவரின் பணத்துக்குச் சரண்டர் மதிப்பு (பாலிசியை இடையில் விடுபவருக்குத் திருப்பிக் கொடுக்கும் தொகை) ஒரு ரூபாய்கூடத் தராமல் முழுவதையும் எடுத்துக்கொண்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நல்ல கம்பெனிகள் சில அந்தக் காலத்திலேயே தம் விருப்பத்தில் அதைக் கொடுத்துவந்தன. எல்லாக் கம்பெனிகளையும் கட்டுப்படுத்தும் விதி 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தில்தான் வந்தது: மூன்று ஆண்டுகள் தவணை கட்டியிருந்தால் சரண்டர் மதிப்பு உறுதி. சில ஆண்டுகள் முன்னதாக அது வந்திருந்தால் எங்கள் வீட்டுக் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். அந்த டாக்டர் தம் முடிவைக் கம்பெனிக்குத்தான் எழுதினார். எதிரே நின்ற மனிதரிடம் என்ன சாப்பிட வேண்டும், என்ன கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னதற்கான அடையாளம் எந்தக் காகிதத்திலும் இல்லை.

இரண்டாவது கட்டு இந்த நிராகரிப்பிலிருந்தே தொடங்குகிறது. பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்து அவர் மருந்துச் சாலைக்கு ஒரு கார்டு எழுதினார். பார்சலைப் பெறும்போது தபால்காரரிடம் விலையைக் கட்டும், 1877-இல் ஏற்பட்ட வி.பி.பி. முறையும், 1879-இல் வந்த தபால் கார்டும் இல்லாவிட்டால் இப்படியொரு வைத்தியம் பிறந்திருக்காது. 1893-இல் தொடங்கிய அமிர்தாஞ்சனமும் 1902-இல் தொடங்கிய கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலையும் இந்தத் தபால் வசதியைக் கொண்டே ஊர் ஊராகப் பரவின. அவருக்குப் பதிலாக வந்தது மருந்து அல்ல, அச்சடித்த ஒரு கேள்வித்தாள். நீர் எத்தனை முறை பிரிகிறது, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், நாக்கு வறள்கிறதா, பாதத்தில் எரிச்சல் உண்டா, மலம் இறுகுகிறதா, உறக்கம் எப்படி, மனத்தில் கவலை உண்டா, உங்கள் தொழில் உட்கார்ந்து செய்வதா என்று கேள்விகள் இரண்டு பக்கத்துக்கு நீள்கின்றன. கடைசிக் கேள்விக்கு அவர் எழுதிய பதில் நகலிலும் தெளிவாக இருக்கிறது: ‘காலை முதல் விளக்கு வைக்கும் வரை.’

வைத்தியர் எழுதிய பதில் நான்கு பக்கம். புழுங்கலரிசிச் சோற்றை ஒரு வேளையாகக் குறைத்து மற்ற வேளைகளில் கேழ்வரகோ கோதுமையோ கொள்ளவும், தினமும் விடியலில் ஒரு மணி நேரம் நடக்கவும், ஆவாரைக் குடிநீர் குடிக்கவும் அதில் சொல்லியிருக்கிறார். எனக்கு அவரிடம் மதிப்பு ஏற்பட்டது அடுத்த பத்தியில்: காலில் புண் வந்தால் எண்ணெயும் பச்சிலையும் கட்டிக்கொண்டு காத்திராமல், அன்றைக்கே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்கிறார். நாடியைத் தொட்டுப் பார்க்காமல், எழுத்தை மட்டும் நம்பிச் செய்யும் வைத்தியத்தின் எல்லை எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மருந்தைப் பற்றி என்னால் இப்படிச் சொல்ல முடியாது. சூரணத்தில் என்னென்ன சேர்ந்தது என்று எந்தச் சீட்டிலும் இல்லை. விளம்பரமோ நாற்பது நாளில் பூரண குணம் என்று உறுதி கூறுகிறது. இந்த நோய்க்கு அப்படி ஒரு குணம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வி.பி.பி. பார்சலைப் பணம் கட்டிய பிறகே பிரிக்க முடியும் என்பதால், வாங்குபவர் கையில் எந்தப் பிடியும் இல்லை. சீமையிலிருந்து வந்த மருந்துகளும் இந்த விஷயத்தில் மேலானவை அல்ல. உலகமெங்கும் விற்ற பீச்சம் மாத்திரையில் கற்றாழைப் பாலும் இஞ்சியும் சோப்பும்தான் இருந்தன என்பதை 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமே சோதித்து வெளியிட்டது. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதற்கு நம் நாட்டில் தடை வந்தது 1954-இல்.

ஆகவே என் மதிப்பீட்டில், அவர் இரண்டு இடங்களிலும் விலை கொடுத்து வாங்கியவற்றில் பயன்பட்டது அந்த நான்கு பக்கக் கடிதம்தான். அதற்குத் தனியாக அவர்கள் காசு வாங்கவும் இல்லை. அவர் அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் இருந்தார். அதற்குச் சூரணம் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். நடையும் கேழ்வரகும் காரணமாக இருந்திருக்கலாம். கட்டின் அடியில் உள்ள கடைசிக் கார்டு வைத்தியருடையது. இரண்டாவது பார்சல் கேட்டுக் கொள்ளுத்தாத்தா எழுதியதற்குப் பதில்: ‘கால் புண் ஆறியதா என்று தாங்கள் தெரிவிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டி, அவர்கள் சொன்னதை எழுதவும். அதுவரை மருந்து அனுப்புவதற்கில்லை.’