மனப்பாட அட்டையா, ஒலி பிரிப்பதா?

ஆங்கிலத்தில் 'செட்' என்ற சொல்லை எஸ்-ஏ-ஐ-டி என்று எழுதுகிறார்கள். எழுத்துக்கூட்டும் குழந்தை 'செய்ட்' என்றுதான் படிக்கும். அது பிள்ளையின் தவறே இல்லை.

இப்படி எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகாத சொற்களைப் படிக்கக் கற்றுக்கொடுக்க இரண்டு வழிகள். பலரும் பிடிப்பது அட்டை வழி. அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936-இல் வெளியிட்ட, அடிக்கடி வரும் 220 சொற்கள் போன்ற பட்டியலை எடுத்து, காட்டிக் காட்டி முழுச் சொல்லாகவே பதியவைப்பது. முதல் சில சொற்களுக்குச் சீக்கிரம் பலன் தெரியும். அப்புறம் குழப்பம். 'வாஸ்' (டபிள்யூ-ஏ-எஸ்), 'சா' (எஸ்-ஏ-டபிள்யூ) இரண்டிலும் அதே மூன்று எழுத்துகள், வரிசைதான் தலைகீழ். உருவத்தை மட்டும் நம்பும் பிள்ளை மாற்றிச் சொல்லிவிடும்.

ஒலி பிரிக்கும் வழியில், முதலில் 'செட்' என்று வாயால் சொல்லவைத்து மூன்று ஒலிகளுக்கு மூன்று கட்டம் போடுங்கள். எஸ்ஸும் டியும் வழக்கம்போலவே ஒலிக்கின்றன. நடுவிலுள்ள ஏ-ஐ மட்டும் 'எ' என்கிறது. அதன்மேல் சின்ன இதயம் ஒன்று வரையுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டியது அந்தத் துண்டு மட்டும்தான். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், சரி; ஆனால் எழுதும்போதும் கைகொடுக்கும். என் ஓட்டு இதற்கே.

கண்ணைக் குறிக்கும் 'ஐ', அதாவது இ-ஒய்-இ, போன்ற சொல்லைப் பிரித்துப் பெரிய லாபமில்லை. அதற்கு அட்டையே போதும்.