தமிழ் முதுகலைக்கு முதலில் எது: வோயன்ட்டா, பைதானா, டிஇஐயா?

தமிழ் முதுகலையில் டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் (கணினி வழியே இலக்கியம் போன்ற மானுடத் துறைகளை ஆய்வது) பாடத்துக்கு ஒரே ஒரு பருவம்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதில் தொடங்குவது: சொற்களை எண்ணிக் காட்டும் வோயன்ட் என்ற இணையக் கருவியிலா, பைதான் என்ற நிரல்மொழியிலா, பனுவலுக்குக் குறியிடும் டிஇஐ முறையிலா? குறுந்தொகை 40ஆம் பாடலை எடுத்து மூன்றிலும் போட்டுப் பாருங்கள்.

வோயன்ட் எளிது. உலாவியில் பாடலை ஒட்டியதும் சொற்பட்டியல், அடிக்கடி வரும் சொல்லைப் பெரிதாகக் காட்டும் சொல்மேகம் எல்லாம் வந்துவிடும். ஆனால் சீர் பிரித்த பதிப்பில் ‘யாரா கியரோ’ என்று இருந்தால், வோயன்ட்டின் கணக்கில் ‘யாரா’ ஒரு சொல், ‘கியரோ’ இன்னொரு சொல். வந்தான், வந்தாள், வந்தது மூன்றும் தனித்தனிச் சொற்கள். இந்த எண்ணிக்கையை மாணவர் அப்படியே ஆய்வேட்டில் ஏற்றிவிடுவார் என்பதுதான் என் பயம்.

பைதானில் சுதந்திரம் அதிகம், கண்ணிகளும் அதிகம். அதோடு வரும் ‘ரீ’ (re) என்ற நூலகத்தில், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பில், வழக்கமான சொல் தேடலைக் கொடுத்தால் ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று உடைந்து வரும். யூனிகோடில் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனிக் குறியீடு உண்டு. அவற்றை அந்த நூலகம் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. ‘ரீஜெக்ஸ்’ (regex) என்ற வேறு நூலகத்தில் இது சரியாகிவிடும். இதைத் தமிழ் மாணவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் நிரலே எழுதியிராத வகுப்பில் பாதிப் பருவம் இலக்கணப் பிழை திருத்துவதிலேயே போய்விடும், அதுவும் நிரலின் இலக்கணம்.

டிஇஐ (டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ்) 1987இல் தொடங்கிய முயற்சி. பனுவலின் ஒவ்வொரு கூறையும் எக்ஸ்எம்எல் என்ற குறியிடு மொழியின் குறிகளால் அடையாளப்படுத்தும் முறை. மெதுவானது, கை வலிக்கும். ஆனால் இங்கேதான் மாணவர் பாடலைப் படித்தாக வேண்டும். ‘யாராகியரோ’ ஒரே சொல். சீரோ அதன் நடுவில் முடிகிறது. ஒன்றையொன்று வெட்டும் குறிகளை எக்ஸ்எம்எல் ஏற்காது. அப்படியானால் சொல்லை உடைப்பதா, சீரை உடைப்பதா? தலைவன் கூற்று என்னும் குறிப்பைப் பாடலுக்குள் வைப்பதா, பிற்காலத்தார் சேர்த்ததாகத் தனியே வைப்பதா? செம்புலப்பெயனீரார் என்ற பெயரே பாடலின் உவமையிலிருந்து வந்ததாயிற்றே, அதை ஆசிரியர் பெயர் என்று குறித்துவிடலாமா? இவை யாப்பும் பதிப்பியலும் எழுப்பும் கேள்விகள். தமிழ்த் துறைக்குச் சொந்தமானவை.

அதனால் என் வாக்கு டிஇஐக்கு. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்திலிருந்து பனுவலை எடுத்து, மாணவர்கள் ஆளுக்குச் சில பாடல்களைக் குறிக்கட்டும். அப்புறம் அந்தக் கோப்புகளைப் பைதானால் எண்ணலாம். கடைசியில் வோயன்ட்டுக்கு ஒரு வகுப்பு போதும். அதன் பட்டியலில் எங்கே தவறு என்று அப்போது மாணவர்களே சொல்வார்கள்.