படிவம் 26-ம் பல் மருத்துவரும்

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் பல் மருத்துவமனை நடத்துகிறேன். ஓட்டுப் போடுவதற்கு முன் தேர்தல் ஆணையத்தின் ‘நோ யுவர் கேண்டிடேட்’ செயலியில் வேட்பாளர்கள் வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரமான படிவம் 26-ஐத் திறந்துவிடுவேன். நிலுவை வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. நான் முதலில் தேடுவது கடன் கணக்கை. பல் சொத்தையும் சில நேரம் வெளியே தெரியாது, உள்ளேதான் இருக்கும். ஒரு வேட்பாளரின் கையெழுத்து என் மருந்துச் சீட்டைவிட மோசம்! செயலிக்கு ஐந்துக்கு நான்கு.

வேட்பாளர் ஜெயித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பல் சிகிச்சை நாற்காலி கேட்பாரா, 2023-இன் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தைப் படித்தாரா என்பதெல்லாம் படிவத்தில் வராது. வாக்குக் கேட்டு வந்தவரிடமே கேட்டேன், வாய்ப்புற்றுநோய் முகாம் பற்றியும். உள்ளே, வெற்றிலைக் கறைப் பல்லோடு பாம்பன் மீன்காரம்மா காத்திருந்தார். வேட்பாளர் எங்கள் இருவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேனில் ஏறிவிட்டார்.