என்.ஐ.ஓ.எஸ். வழியில் கல்லூரி வரை: நீண்ட நாள் அனுபவம்

பள்ளிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படித்து, என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாகத் தேர்வெழுதிய மகள் இப்போது பி.எஸ்சி. தாவரவியல் கடைசி வருடம். எம்.எஸ்சி.க்கு இணையத்தில் விண்ணப்பம் போட உட்கார்ந்தோம். இரண்டாவது பக்கத்திலேயே வந்து நின்றது: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பள்ளியின் பெயர், மாவட்டம், ஆண்டு. ஒவ்வொரு வரியிலும் சிவப்பு நட்சத்திரம். எதையாவது நிரப்பாமல் விட்டால் அடுத்த பக்கத்துக்கு விடாது. பட்டமே வாங்கப் போகிற பெண்ணிடம் ஆறாவது எங்கே படித்தாய் என்று எதற்குக் கேட்க வேண்டும்? அந்த எரிச்சல் அடங்குவதற்குள் திருச்சியில் இருக்கும் தோழியிடமிருந்து செய்தி: "பெரியவனுக்கு 15 ஆகப் போகுது. என்.ஐ.ஓ.எஸ். போடலாமா, நல்லா இருக்கா?" அவளுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது.

பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வைப்பவர்களுக்கு அடிப்படை விவரங்கள் தெரிந்தே இருக்கும். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் 1989-லிருந்து இயங்கும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், பத்தாவது எழுத 14 வயது, குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். அதையெல்லாம் விட்டுவிட்டு, பயன்படுத்தியவர்களுக்கு மட்டும் தெரிவதைச் சொல்கிறேன்.

ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து வருடம் செல்லும். அதற்குள் ஒன்பது பொதுத்தேர்வு வாய்ப்புகள். ஏப்ரல் பருவம் ஒன்று, அக்டோபர் பருவம் ஒன்று. ஐந்து பாடத்தையும் ஒரே பருவத்தில் எழுத வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. இதைக் காகிதத்தில் படித்தபோது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வீட்டுக்குள் வந்த பிறகுதான் அருமை புரிந்தது. பன்னிரண்டாவதில் மகளுக்கு வேதியியல் என்றாலே பயம். சரி, அது கடைசியில் என்று ஒதுக்கி வைத்தோம். ஓவியத்தையும் ஆங்கிலத்தையும் முதல் பருவத்தில் முடித்தாள். அடுத்த பருவம் உயிரியலும் இயற்பியலும். வேதியியலுக்கு என்று ஒரு முழுப் பருவம் தனியாகக் கிடைத்தது. வேறு எந்தப் பாடமும் தலையில் இல்லாமல் அதை மட்டும் படித்தபோது பயம் போய், மோல் கணக்குகளைச் சமையலறைத் தராசில் உப்பை நிறுத்துப் பார்த்து எனக்கே விளக்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்புறம் பாடச் சேர்க்கை. உயிரியலும் ஓவியமும் ஒரே சான்றிதழில். வழக்கமான பள்ளியில் குரூப் என்று நான்கைந்தைக் கட்டி வைத்திருப்பார்கள், அதில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். இங்கே 314 உயிரியல், 332 ஓவியம் என்று குறியீட்டு எண்ணைத் தேர்ந்தெடுத்தால் போதும். இலை நரம்புகளை அவள் வரைந்த விதத்தைப் பார்த்துத்தான் கல்லூரியில் ஒரு பேராசிரியர் அவளை மூலிகைத் தொகுப்பு வேலையில் சேர்த்துக்கொண்டார்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் தேர்வுக்கூடம். அவளுக்குப் பக்கத்துப் பெஞ்சில் நாற்பது வயதுக்கு மேலான ஒரு அக்கா. ஜவுளிக்கடையில் வேலை, பதவி உயர்வுக்குப் பன்னிரண்டாவது வேண்டுமாம். சம்பளம் பிடித்துக்கொண்டுதான் விடுப்புக் கொடுத்திருக்கிறார்கள். தேர்வு தொடங்குவதற்கு முன் வாசல் படியில் இருவரும் உட்கார்ந்து, உயிரியலில் வரும் குன்றல் பிரிவின் (செல் பிரிவில் ஒரு வகை) நிலைகளை இவள் சொல்ல, அந்த அக்கா கையிலிருந்த கடைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். "பாப்பா, மெதுவாச் சொல்லு, எனக்கு ஸ்கூல் விட்டு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு" என்றார். தன் வயதுக்காரர்களோடு மட்டுமே பழகும் பள்ளிப் பிள்ளைக்கு இது கிடைக்காது. படிப்பு என்பது பதினேழு வயதோடு முடிகிற விஷயமில்லை என்பதை அவள் அங்கே கண்ணால் பார்த்தாள்.

தோழிக்குத் தனியாகச் சொன்னது இது: பத்தாவதில் கணிதமே எடுக்காமல் தேறிவிடலாம். அந்த வசதியைப் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள், கணிதம் எடுக்க வையுங்கள். பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்கு. அதில் கணிதம் மட்டும் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பதினெட்டு வயதில் என்னவாக ஆசைப்படுவான் என்று பதினான்கு வயதில் யாருக்கும் தெரியாது. எந்தக் கதவு பிள்ளைக்குத் திறந்திருக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்திலிருந்து யோசித்துக்கொண்டு வந்து பாடம் எடுக்க வேண்டும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே இரண்டு வருட இடைவெளியும் விடுங்கள், கல்லூரியில் கேள்வி வராது. மருத்துவம் பற்றிக் கேட்டிருந்தாள். 2018-ல் திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுத முடியாது என்று அறிவிக்கையிலேயே போட்டிருந்தார்கள். தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டே அதைச் செல்லாது என்றது. ஆனாலும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை இழுத்து 2024-ல்தான் தெளிவானது. இப்போது எழுதலாம். நடுவில் அந்த ஆறு வருடம் எத்தனை பிள்ளைகள் பயந்து வேறு பக்கம் போயிருப்பார்கள் என்று நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

இனி அந்தச் சான்றிதழ் எரிச்சலுக்கு வருகிறேன். முதலில் டி.சி., அதாவது மாற்றுச் சான்று.

என்.ஐ.ஓ.எஸ். தேறியவர்களுக்கு மதிப்பெண் பட்டியலோடு இடப்பெயர்வுச் சான்றும் மாற்றுச் சான்றும் சேர்ந்த ஒரே தாள் வரும். செல்லுபடியாகும் தாள்தான். ஆனால் நம் ஊர்க் கல்லூரி அலுவலகங்களுக்கு டி.சி. என்றால் பள்ளி முத்திரை, தலைமை ஆசிரியர் கையெழுத்து, அங்க அடையாளம் இரண்டு. நாங்கள் போன கல்லூரியில் அந்த எழுத்தர் தாளை முன்னும் பின்னும் திருப்பினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஹெச்.எம். கையெழுத்து எங்கம்மா?" ஹெச்.எம். என்று யாரும் இல்லைங்க, இது திறந்தநிலைப் பள்ளி என்றேன். "ஸ்கூலுக்கே போகாம எப்படிம்மா ப்ளஸ் டூ பாஸ் பண்ணுச்சு பொண்ணு?" வரிசையில் நின்றவர்கள் எல்லாம் மகளையே பார்த்தார்கள். நல்ல மதிப்பெண் வைத்திருந்த பிள்ளை, ஏதோ திருட்டுச் சான்றிதழ் கொண்டுவந்தவள் மாதிரி தலை குனிந்து நின்றாள். அவர் கெட்டவர் இல்லை. அவர் கையிலிருந்த சரிபார்ப்புப் பட்டியலில் இப்படி ஒரு பிள்ளைக்குக் கட்டமே இல்லை. கடைசியில் முதல்வர் வரை போய்த்தான் சேர்க்கை நடந்தது.

நன்னடத்தைச் சான்று யாரிடம் வாங்குவது? அவள் விடுமுறைகளில் புத்தகம் அடுக்கி உதவிய ஊர்ப்புற நூலகத்தின் நூலகர் எழுதிக் கொடுத்தார். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் நினைவுபடுத்தி வாங்க வைத்துவிடுகிறார்கள். நமக்கு ஞாபகப்படுத்த ஆளில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் துறை கொடுக்கும் எமிஸ் எண்ணும் கிடையாது. இன்னும் சில விஷயங்களில் வழியே இல்லை: அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடையாது. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் இருக்கிறது, அதற்கும் பள்ளித் தலைமை ஆசிரியர் கொடுக்கும் சான்று வேண்டும். வீட்டில் தமிழிலேயே அறிவியல் படித்த பிள்ளைக்கு அதை யார் கொடுப்பார்கள்? இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படிப்பு மையத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்கு ஒதுக்கிய மையத்தில் நேர்முக வகுப்புகள் பெரும்பாலும் நடக்கவில்லை, செய்முறைத் தேர்வுக்கு முன் ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. மையத்துக்கு மையம் மாறும். சேரும் முன் நேரில் போய் ஆய்வகத்தைப் பாருங்கள்.

எங்களுக்கு உண்மையில் உதவியவை இரண்டு. ஒன்று, மூன்று மணி நேரம் உட்கார்ந்து கையால் எழுதும் பழக்கம். வீட்டுப் பிள்ளைகளுக்கு வாயால் விளக்கத் தெரியும், விரல் மட்டும் ஒரு மணி நேரத்தில் வலிக்க ஆரம்பிக்கும். 20 சதவீத மதிப்பெண்ணுக்கான ஒப்படைப்புகளை நேரம் வைத்து எழுத வைத்தோம், பழகிவிட்டது. இரண்டாவது, சான்றிதழ் ஃபைலை அவள் கையிலேயே கொடுத்தது. இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றது, டிஜிலாக்கரில் சான்றிதழை எடுத்தது, பெயரில் முதலெழுத்து ஆதாரில் ஒரு மாதிரியும் மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரியும் இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தியது, எல்லாம் அவள்தான். கல்லூரி விடுதியில் உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பத் தெரியாத பிள்ளைகள் இப்போது அவள் அறைக்குத்தான் வருகிறார்கள்.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகும், இன்றைக்குக் கேட்டால் தோழியிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பாடமும் தேர்வும் அருமை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு கவுண்ட்டரிலும் என் பிள்ளை தான் படித்ததை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. பட்டம் வாங்கினால் தீரும் என்று நம்பியிருந்தேன், தீரவில்லை. என் மகன் சின்னவனுக்காக நேற்று பக்கத்து மேல்நிலைப் பள்ளிக்குப் போய்ப் பதினோராம் வகுப்பு விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டேன். அவன் அதைத் தொடவே இல்லை. "அக்கா உயிரியலோட ஓவியம் எடுத்த மாதிரி எனக்கும் கணிதத்தோட ஓவியம் வேணும்மா, இந்தப் பள்ளியில அப்படி குரூப் இருக்கா?" என்று கேட்கிறான். இல்லை. வீட்டில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.