டி-டெஸ்ட்டா, மான்-விட்னியா, அன்கோவாவா?

ஏற்காடு காப்பித் தோட்டங்களில் வேலை செய்யும் ரத்தசோகை உள்ள பெண்களை வைத்து, சேலத்தில் முதுநிலை மருத்துவம் படிக்கும் ஒருவர் ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு இரும்புச்சத்து மாத்திரை, மீதிப் பேருக்கு நரம்பு ஊசி. மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் பார்க்கிறார். இரு குழுக்களையும் ஒப்பிட எந்தப் புள்ளியியல் சோதனை சரி?

எல்லோருக்கும் தெரிந்தது டி-டெஸ்ட். 1908-இல் வில்லியம் காசெட் என்ற புள்ளியியலாளர் தந்தது; இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தைச் சொல்லும். இரு குழுக்களிலும் சிதறல் ஒரே அளவு இல்லாவிட்டாலும் தாங்கும் வெல்ச் வடிவத்தையே எப்போதும் போடலாம்.

மான்-விட்னி (1947) மதிப்புகளை விட்டுவிட்டு, எது பெரிது எது சிறிது என்ற வரிசையை மட்டும் பார்க்கும். ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்கள் 3, 3, 4, 4, 40 என்றால் சராசரி 10.8, ஐவரில் ஒருவருக்கும் அது பொருந்தாது. அங்கே இது கைகொடுக்கும். ஆனால் 'சாம்பிள் சின்னது, அதனால் மான்-விட்னி' என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். குழுவுக்கு மூன்று பேர் என்றால், இருபக்கச் சோதனையில் (எந்தக் குழு மேலாக இருந்தாலும் கணக்கில் எடுப்பது) அதன் பி-மதிப்பு 0.1-க்குக் கீழே இறங்கவே இறங்காது. பி-மதிப்பு என்பது, உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு; வழக்கமாக அது 0.05-க்குக் கீழே வந்தால்தான் வித்தியாசம் உண்டு என்று எழுதுவார்கள். ஹீமோகுளோபின் எத்தனை கிராம் கூடியது என்றும் அது சொல்லாது.

இந்த ஆய்வுக்கு என் தேர்வு அன்கோவா. சிகிச்சைக்கு முன் எடுத்த ஹீமோகுளோபினையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். முன்-பின் அளவுகளின் தொடர்பு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பது; 1 என்றால் முழுத் தொடர்பு) 0.7 என்றால், கடைசி அளவை மட்டும் ஒப்பிட 100 பேர் தேவைப்படும் இடத்தில், ஒவ்வொருவரின் பின் அளவிலிருந்து முன் அளவைக் கழித்து ஒப்பிட 60 பேர். அன்கோவாவுக்குச் சுமார் 51 பேர் போதும். தொடர்பு 0.5 ஆனால் கழித்தலால் லாபமே இல்லை, அன்கோவாவுக்கு 75. கூலி வேலையை விட்டுவிட்டு ரத்தம் கொடுக்க வரும் பெண்களில், தொடர்பு 0.7 என்றால், கிட்டத்தட்டப் பாதிப் பேரின் அலைச்சல் மிச்சமாவது சின்ன விஷயமா?

அப்புறம், அடியோடு விட வேண்டிய ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குழுவிலும் தனித்தனியாக முன்-பின் சோதனை போட்டு, ஊசிக்கு பி 0.04, மாத்திரைக்கு 0.06, எனவே ஊசியே மேல் என்று எழுதுவது. இதில் இரண்டு குழுக்களும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படவே இல்லை. மாத்திரையும் ஊசியும் கிட்டத்தட்ட ஒரே அளவு பலன் தந்திருந்தாலும் இந்த எண்கள் வரும்.

எதை எடுத்தாலும், முதல் ரத்தம் எடுக்கும் முன்பே திட்ட வரைவில் அந்தச் சோதனையின் பெயரை எழுதிவிடுங்கள்.