அனோடிஸ்க் அலுமினா சவ்வு: காட்மியம் செலினைடு நானோகுழாய்க்கு ஏற்றதா?

ஏற்றதுதான், சரியான வகையை வாங்கினால். அனோடிஸ்க் என்பது நுண்துளைகள் நிறைந்த அலுமினா (அலுமினிய ஆக்சைடு) வடிகட்டி வட்டு. அதன் துளைகளை அச்சாக வைத்து, கரைசலில் மின்னோட்டம் செலுத்தி, காட்மியம் செலினைடு என்ற குறைக்கடத்தியைத் துளைக்குள் படியவைக்கிறோம். தடிமன் 60 மைக்ரான். துளையளவு 0.02 மைக்ரான் என்று போட்டிருக்கும் வகையை அச்சாகப் பயன்படுத்த வேண்டாம். அந்த அளவு ஒரு முகத்தின் மெல்லிய படலத்தில் மட்டுமே. உள்ளே துளைகள் ஏறத்தாழ 200 நானோமீட்டர்தான். 0.2 மைக்ரான் வகையே போதும்.

13 மி.மீ. வட்டில் பிளாஸ்டிக் வளையம் இல்லை. படிவை உலையில் பதப்படுத்துவதாக இருந்தால் இதுதான் உகந்தது. 25, 47 மி.மீ. வட்டுகளின் பாலிப்ரொப்பிலீன் வளையம் உருகிவிடும்.

குழாயா கம்பியா என்பதை, மின்முனையாகச் சவ்வின் ஒரு முகத்தில் பூசும் தங்கப்பூச்சுதான் தீர்மானிக்கிறது. பூச்சு மெல்லியதாக இருந்தால் துளைவாயைச் சுற்றி வளையமாக மட்டும் ஒட்டும். படிவு சுவரோடு வளர்ந்து குழாயாகும். துளை அடைபடும் அளவுக்குப் பூசினால் கம்பிதான் கிடைக்கும். மின்படிவை அதிக நேரம் ஓட்டினாலும் குழாய் நிரம்பிவிடும்.

கரைசல்: 0.3 மோலார் காட்மியம் சல்பேட், 0.25 மோலார் கந்தக அமிலம், 1 மில்லிமோலாருக்கும் குறைவான செலினியம் டைஆக்சைடு. செலினியம் கூடினால் படிவில் தனிச் செலினியம் சிவப்பாகத் தங்கும். மின்னழுத்தம் மிகையாக எதிர்மின் (மைனஸ்) பக்கம் போனால் நச்சுத்தன்மை மிக்க ஹைட்ரஜன் செலினைடு வாயு வரும், ஆகவே வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் புகைக்கூண்டுக்குள் மட்டுமே வேலை. தொடங்கும் முன் சவ்வை எத்தனாலில் நனைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். காற்று தங்கிய துளையில் எதுவும் வளராது.

பிறகு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் அலுமினா கரைந்துவிடும். அலசும்போது நிதானம் தேவை, குழாய்கள் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிச் சாயும். சவ்வும் நொறுங்கக்கூடியது, தட்டையான முனையுள்ள இடுக்கியால் விளிம்பை மட்டும் பிடியுங்கள்.