சிசிரிஸா, சிடோஸா? கட்டி முடித்த ஆஸ்பத்திரி பில் கடனாக நிற்கும்போது

கார் லோனோ வீட்டு லோனோ கிடைக்காமல் போனதும் பலர் முதலில் திறப்பது மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இ-சிசிரிஸ் என்ற கடன் பதிவேடு. இலவசம், தெளிவானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆஸ்பத்திரி பாக்கியைத் தேட அது தப்பான இடம். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு, பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் போன்றவைதான் அதில் இருக்கும். கடந்த 12 மாதத்தில் எத்தனை தவணை பின்தங்கியது என்பதை 0, 1, 2 என்று எண்ணாகக் காட்டும். தனியார் மருத்துவமனையின் பில் அங்கே ஏறாது. பில்லை கார்டில் தேய்த்துவிட்டு கார்டுக்குக் கட்டாமல் விட்டிருந்தால் மட்டும் தெரியும். அதுவும் கார்டு கடனாகத்தான், ஆஸ்பத்திரி பெயரே இருக்காது.

பார்க்க வேண்டியது சிடோஸ் போன்ற தனியார் கடன் அறிக்கை நிறுவனத்தின் அறிக்கை. முழு அறிக்கைக்குக் காசு கேட்பார்கள். இந்த வேலைக்கு அது தகும். 300 முதல் 850 வரை போகும் மதிப்பெண்ணைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள். அதைப் பார்த்துப் பதறாமல் சட்ட வழக்குகள், டிரேட் ரெபரன்ஸ் (வங்கி அல்லாதவர்கள் பதிவு செய்யும் பாக்கி) ஆகிய இரண்டு பகுதிகளுக்கு நேராகப் போங்கள். மருத்துவமனையோ அதன் வசூல் ஏஜென்சியோ அந்த நிறுவனத்தின் சந்தாதாரராக இருந்தால் பாக்கி டிரேட் ரெபரன்ஸில் ஏறும். கோர்ட்டுக்குப் போயிருந்தால் வழக்குப் பகுதியில் நிற்கும்.

வழக்குப் பகுதியில் பெயரை மட்டும் நம்பக்கூடாது. குடும்பப் பெயர் இல்லாத நமக்கு இது கூடுதல் தலைவலி: ‘முருகன் ஏ/எல் சுப்ரமணியம்’ செந்தூலில் ஒருவர் இருப்பார், பட்டர்வொர்த்தில் ஒருவர் இருப்பார். ஐசி என்ற அடையாள அட்டையின் 12 எண்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. கடைசி எண் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. கவுண்டரில் ஒரு எண்ணை மாற்றித் தட்டியிருந்தாலும் இதில் பிடிபடும்.

ஆள் சரி, ஐசியும் சரி, கடன் மட்டும் தப்பு என்றால் கோளாறு பெரும்பாலும் ஜிஎல்லில், அதாவது காப்புறுதிக் கம்பெனி தரும் உத்தரவாதக் கடிதத்தில் இருக்கும். ஒரு கணக்கைப் பாருங்கள். பில் 8,460 ரிங்கிட். கடைசி ஜிஎல் 8,120. மிச்சம் 340. அட்மிஷனில் கட்டிய டெபாசிட் 500. நியாயப்படி 160 ரிங்கிட் திரும்ப வரவேண்டும். ஆனால் டெபாசிட் ஒரு பதிவு எண்ணிலும் இறுதி பில் வேறொரு பதிவு எண்ணிலும் பதிவாகிவிட்டால், கணக்கில் 340 பாக்கி என்றே நிற்கும். டெபாசிட் ரசீதில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். முதலாளி ஏற்பாடு செய்யும் பேனல் கிளினிக்கில் கதை வேறு: முதலாளியின் காப்புறுதி நிர்வாகி தாமதிப்பார், பில் நோயாளி பெயரில் திரும்பும்.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் பாக்கியும் தப்பல்ல. இணைக்கட்டண பாலிசி எடுத்தவருக்கு 5 விழுக்காடோ அதற்கு மேலோ சொந்தச் செலவு. பதிவுக் கட்டணம் மாதிரி சில்லறை வகைகளை ஜிஎல் பெரும்பாலும் ஏற்காது. விவரமான பில் வாங்கி, வரி வரியாகக் கழித்துப் பார்த்த பிறகே சண்டைக்குப் போகலாம்.

2010ஆம் ஆண்டின் கடன் அறிக்கை நிறுவனச் சட்டம் அறிக்கையைப் பார்க்கவும் திருத்தக் கேட்கவும் உரிமை தருகிறது. இந்தச் சேவையின் பலவீனமும் இதில்தான் தெரியும்: அறிக்கை நிறுவனம் தானாக எதையும் அழிக்காது, தகவல் கொடுத்தவரிடம் கேட்டு, அவர் ஒப்புக்கொண்டால்தான் மாற்றும். ஆகவே மனு அங்கே போகும் அதே நாளில் மருத்துவமனையின் கணக்குப் பிரிவுக்கும் கடிதம் போகட்டும். ரசீது, கடைசி ஜிஎல், விவர பில் ஆகியவற்றை இணைத்து, பாக்கி இல்லை என்ற கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு உதவாது. நகல் எடுக்கும்போது நோயின் பெயர் இருக்கும் வரியைக் கறுப்பாக்கிவிடுங்கள். உங்கள் பித்தப்பையைப் பற்றி கடன் அறிக்கைக்காரருக்கு ஏன் தெரியவேண்டும்?

வசூல் ஏஜென்சி போனில் “ஐம்பது வெள்ளி போடுங்க, கேஸை மூடிடுறோம்” என்றால் போடாதீர்கள். தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட ஆறு ஆண்டுதான் அவகாசம். பகுதிப் பணம் கட்டினால் அந்த ஆறு ஆண்டு புதிதாக எண்ணப்படும். முதலில் மருத்துவமனை கொடுத்த அதிகாரக் கடிதத்தைக் கேளுங்கள்.

நோட்டீஸ் கைக்கு வராமலே ஒருதலைத் தீர்ப்பு வந்திருந்தால் இந்த மனுக்கள் எதுவும் எடுபடாது. தீர்ப்பு கிடைத்த 30 நாளுக்குள் அதை ரத்துச் செய்ய மனுப் போடவேண்டும், வக்கீல் தேவை.

காப்புறுதிக் கம்பெனிதான் கட்டவில்லை என்றால், அதனிடம் எழுத்தில் புகார் செய்த பிறகும் தீராதபோது எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். 2025 ஜனவரியிலிருந்து இயங்குகிறது. அறிக்கை நிறுவனத்தின் மீதே குறை என்றால் நிதி அமைச்சின் கீழுள்ள பதிவதிகாரி அலுவலகம். பினாங்கில் இருப்பவர்கள் பயனீட்டாளர் சங்கத்தையும் நாடலாம்.

திருத்தம் நடந்ததும் புது அறிக்கை எடுத்து, பாக்கி இல்லை என்ற கடிதத்தோடு வங்கியிடம் கொடுங்கள். அவர்கள் கோப்பில் இருப்பது பழைய பிரதிதான்.